கத்தரிக்கோலில் நாலு பேர்

“இந்தக் கத்தரிக்கோல் ஒரு வாரம்கூட வெட்டலை. நீ பிடிக்கிற சாணையிலதான் கோளாறு,” என்றாள் இமெல்டா.

செங்கமலம் சக்கரத்தை நிறுத்தவில்லை. யாருடைய அரிவாள்மனையோ அதில் பட்டுத் தீப்பொறி பறந்துகொண்டிருந்தது.

“காது கேக்குதா?”

“கேக்குதுக்கா.”

“மூணு மாசத்துல அஞ்சாவது தடவை வர்றேன்.”

“ஆறாவது.”

இமெல்டாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. செங்கமலத்துக்கு முப்பதுகூட இருக்காது. பாலக்கரையில் பாலத்தடியில் ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, மிதித்து மிதித்துச் சாணைக்கல்லைச் சுற்றுகிறவள்.

குரு என்றால் மலைமேல்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

“சனிக்கிழமை நாலு மணிக்குப் போர்வையைக் கொண்டுபோய் வைக்கணும்,” என்றாள் இமெல்டா. “மாதர் சங்கக் கைவேலைப் போட்டி. இன்னிக்குப் புதன்.”

“என்ன போர்வை?”

“துண்டுத் துணியா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு கோத்துத் தைக்கிறது. எட்டு மாச வேலை. சுத்தி எல்லாம் முடிஞ்சிருச்சு. நடுவுல வர்ற நட்சத்திரம் மட்டும் பாக்கி. எட்டு முனை. எட்டுத் துண்டும் ஒரே அளவுல இருக்கணும். ஒரு நூல் தள்ளிப்போனாலும் நடுவுல உப்பிக்கும்.”

“உப்பினா?”

இமெல்டாவின் முகம் சிவந்தது.

“போன வருஷம் உப்பிச்சு. நடுவரா வந்த ஹெலன் தனபால் அத்தனை பேர் முன்னாடி உள்ளங்கையை வெச்சு அமுக்கிப் பார்த்துட்டு, ‘போர்வைக்கு நடுவுல மெதுவடை வெச்சுத் தைச்சிருக்கீங்களா’ன்னு கேட்டா.”

செங்கமலம் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை மன்னிக்கலாம் என்று தோன்றியது இமெல்டாவுக்கு.

“இந்த வருஷம் சிவப்புத் துணி ஒரு மீட்டர்தான் இருக்கு. கடையில அந்தத் துணி தீர்ந்துபோச்சு. கத்தரி அதைக் கடிச்சுக் குதறினா வேற துணிக்குப் போக்கு இல்லை. சீக்கிரம் பிடிச்சுக் குடு.”

செங்கமலம் மிதிப்பதை நிறுத்தினாள். கத்தரிக்கோலை வாங்கி விரித்தாள். தூண்களுக்கு நடுவே விழுந்த வெயிலில் பிடித்து, அதன் வாய் ஓரமாகக் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள்.

“இது மீன்,” என்றாள்.

“என்னது?”

“திருகாணிக்கிட்ட செதில் ஒட்டியிருக்கு. மோந்து பாருங்க.”

“அது என் மாமியார். சங்கரா மீனுக்குத் துடுப்பு நறுக்குறாங்க.”

நகம் நகர்ந்தது. நின்றது.

“இது கம்பி.”

“அது அவர். ஞாயித்துக்கிழமை ஆனா ட்ரில் மெஷினைத் தூக்கிருவார். ஓட்டை போடாத சுவர் வீட்டுல இல்லை. ஒயர் உரிக்க என் கத்தரிதான் வேணும்.”

“இது பின்னு.”

“அது என் மக பிரிசில்லா. பார்சல் வந்தாப் பிரிச்சுப் பார்க்கிற பொறுமை கிடையாது. டேப்பு, பின்னு, அட்டை எல்லாம் சேர்த்து ஒரே வெட்டு.”

“நீங்க எதுவும் சொல்றதில்லையா?”

“சொல்றதில்லையாவா? காலையில ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் சொல்றேன். தொண்டை வத்திப்போச்சு.”

“என்ன சொல்றீங்க?”

“எடுத்தா எடுத்த இடத்துல வைங்கன்னு.”

செங்கமலம் அவளை ஒருமுறை பார்த்தாள்.

“எடுக்கலாம்னு சொல்றீங்க.”

“நான் எங்க அப்படிச் சொன்னேன்?”

செங்கமலம் மறுபடி நகத்தை ஓட்டினாள்.

“ஒளிச்சும் வெச்சுப் பார்த்தேன்,” என்றாள் இமெல்டா. “அரிசி டின்னுக்குள்ள. அத்தை அரிசி அளக்கப்போய் எடுத்துட்டாங்க. அவங்களுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கியும் போட்டேன். அது சரியா வெட்டலையாம், இதுதான் நல்லா வெட்டுதாம். இதுக்குமேல என்ன பண்ணச் சொல்றே?”

செங்கமலம் கத்தரிக்கோலை மூடித் திருப்பி நீட்டினாள்.

“சாணை பிடிக்க மாட்டேன்.”

“ஏன்?”

“இதுல நாலு பேர் இருக்காங்க. மூணு பேரைச் சொல்லிட்டீங்க. நாலாவது ஆளு யாரு?”

“எங்க வீட்டுல நாலு பேர்தான்.”

“ஆமா.”

இமெல்டாவுக்குக் கோபம் வந்தது. வருவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் கோபம் அல்ல அது.

“என்ன உளர்றே?”

“அந்த மூணு பேரும் அங்கங்க பல்லுப் பதிச்சிருக்காங்க. தேய்ச்சா போயிரும். நாலாவது ஆளு நுனியிலேருந்து அடி வரைக்கும் ஒரே சீரா மழுக்கியிருக்காங்க. மத்தவங்க வந்துட்டுப் போனவங்க. இவங்க குடியிருந்திருக்காங்க.” செங்கமலம் நிறுத்தினாள். “காகிதம்.”

தலைக்கு மேலே ஒரு பஸ் போயிற்று. பாலம் அதிர்ந்தது.

போர்வைக்கு வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அட்டை அளவு உண்டு. எட்டு மாதத்தில் எத்தனை அட்டை. எத்தனை செய்தித்தாள். எல்லாவற்றையும் எதால் வெட்டினோம் என்று இமெல்டாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

“காகிதம்தானே,” என்றாள். குரல் பாதி தூரம்தான் வந்தது.

வாயை மூடிக்கொண்டு நிற்கும் பழக்கம் இமெல்டாவுக்கு இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. செருப்பில் களிமண் அப்பியிருந்தது. சைக்கிளின் பக்கத்தில் விரித்திருந்த சாக்கில் ஓர் அரம் கிடந்தது. பிடி தேய்ந்து பளபளத்த சின்ன அரம். அதை எடுத்துக் குனிந்தாள், மண்ணைச் சுரண்ட.

“வை.”

சத்தமாக இல்லை. ‘அக்கா’வும் இல்லை.

இமெல்டா நிமிர்ந்தாள். செங்கமலம் அவளை முறைக்கவில்லை. அடுத்த வார்த்தையும் பேசவில்லை. காத்திருந்தாள், அவ்வளவுதான்.

காய்க்காரரையும், கேபிள்காரரையும், ஒருமுறை பாங்கு மேனேஜரையும் அழவைத்த இமெல்டா, அந்த அரத்தை முந்தானையால் துடைத்து, கிடந்த இடத்தில் கிடந்த மாதிரியே வைத்தாள்.

செங்கமலம் கையை நீட்டினாள்.

“குடுங்கக்கா.”

சக்கரம் சுற்றியது. ஒரு வாய், பிறகு மறு வாய். திருகாணியை ஒரு சுற்று இறுக்கினாள். ஈரத் துணியை எடுத்து நுனியால் ஒரு வெட்டு வெட்டினாள். துணிக்கே தெரியாமல் அது இரண்டாயிற்று.

“அவ்வளவுதானா?” என்றாள் இமெல்டா.

“அவ்வளவுதான்க்கா.”

*

வீட்டுக்குப் போனதும் இமெல்டா சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, சிவப்புத் துணியை விரித்தாள். அளவுக்குப் புது அட்டை வேண்டும். அட்டையை எடுத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

வாய் விரிந்தது. அட்டை உள்ளே போனது.

அப்படியே நின்றாள்.

“வை,” என்றாள், யாரும் இல்லாத அறையில்.

வைத்தாள். பாத்ரூமுக்குப் போய் ஒரு ஷேவிங் பிளேடு எடுத்து வந்தாள். ஸ்கேலை அழுத்திப் பிடித்து, அட்டையை அதால் கீறி எடுத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. விரலிலும் ஒரு கீறல்.

பிறகு கத்தரிக்கோலை ஒளித்து வைக்கவில்லை. மேஜைக்கு நடுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாள்.

முதலில் கஸ்பார் வந்தார். இருபத்தேழு வருடமாகக் கணவர். தோளில் ஒயர்ச் சுருள்.

“இமெல், ஹால்ல ஒரு பாயின்ட் தள்ளி வெச்சா டிவிக்கு நல்லா இருக்கும்,” என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தார்.

“வைங்க.”

கஸ்பார் வழக்கமான மீதிக்காகக் காத்திருந்தார். அந்த மீதி பத்து நிமிடம் ஓடும். அவர் அதைக் கேட்டுக்கொண்டே ஒயரை உரித்துவிடுவார். இருபத்தேழு வருட ஏற்பாடு அது.

மீதி வரவில்லை.

“ரெண்டே ரெண்டு ஒயர்தான்…”

இமெல்டா காத்திருந்தாள்.

கஸ்பார் கத்தரிக்கோலை வைத்தார். கொஞ்சம் கோணலாக இருந்தது. நேராக்கினார்.

“உடம்புக்கு எதுவும் முடியலையா?” என்றார்.

சமையலறையிலிருந்து மாமியார், மீன் தட்டோடு வந்தார். மகன் நிற்கிற நிலையைப் பார்த்தார். மருமகள் பேசாமல் இருப்பதைப் பார்த்தார். இந்த வீட்டில் அவர் பார்க்காத காட்சி அது.

“அந்த அரிவாள்மனையை எங்க வெச்சோம்?” என்று கேட்டுக்கொண்டே திரும்பிப் போனார்.

பிரிசில்லா பார்சலோடு வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தாள்.

“பாட்டி, அம்மாவுக்கு என்னாச்சு?”

“வாயை மூடிட்டு உள்ள வா. அது பேசலை.”

“அப்போ பால் பாக்கெட்டை எதால வெட்டுறது?” என்றார் கஸ்பார், பொதுவாக, சுவரைப் பார்த்து.

சுவரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை பால் பாக்கெட்டின் மூலையில் அவருடைய பல் தடம் இருந்தது.

வியாழக்கிழமை இமெல்டா சிவப்புத் துணியை வெட்டினாள். எட்டுத் துண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள்; ஒரே துண்டு மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுவில் உள்ளங்கையை வைத்தாள்.

மெதுவடை இல்லை. தோசைக்கல்.

*

சனிக்கிழமை நாலு மணிக்குச் சங்கத்து ஹாலில் பதினேழு போர்வைகள் விரிந்து கிடந்தன. இமெல்டாவின் மேஜையில் போர்வை, தையல் பெட்டி, பெட்டியின் மேல் கத்தரிக்கோல். மேஜைக்குப் பின்னால் குடும்பம்.

ஹெலன் தனபால் மற்ற மேஜைகளை முடித்துவிட்டுக் கடைசியாக வந்தார். இமெல்டாவைப் பார்த்ததும் ஒரு சின்னச் சிரிப்பு. போன வருடத்துச் சிரிப்பு.

உள்ளங்கையை நட்சத்திரத்தின் நடுவில் வைத்து அமுக்கினார்.

சிரிப்பு நின்றது.

கையை எடுத்தார். மறுபடி வைத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, குனிந்து, எட்டு முனையையும் ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்பதாவதாக ஒன்றை எதிர்பார்த்தவர் மாதிரி இன்னொருமுறை எண்ணினார்.

“யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“பாலத்தடியில,” என்றாள் இமெல்டா.

ஹெலன் தனபால் நிமிர்ந்து, கையிலிருந்த அட்டைகளில் மேலே இருந்ததை விட்டு, அதற்கு அடியில் இருந்ததையும் விட்டு, எல்லாவற்றுக்கும் கீழே தனியாக வைத்திருந்த ஒன்றை உருவினார். ‘முதல் பரிசு.’

மேஜை விளிம்பில் அதை ஒட்ட வேண்டும். டேப் சுருளில் கொஞ்சம் இழுத்தார். அறுக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தார். கை தானாகத் தையல் பெட்டிப் பக்கம் போயிற்று. கத்தரிக்கோலை எடுத்தது.

இமெல்டா வாயைத் திறந்தாள்.

“வைங்க மேடம்.”

சத்தமாக இல்லை. இமெல்டாவும் இல்லை.

கஸ்பார்.

அவர் பக்கத்தில் மாமியார் இடுப்பில் கை வைத்து நின்றார். பிரிசில்லா செல்போனிலிருந்து தலையைத் தூக்கியிருந்தாள். மூன்று பேரும் அடுத்த வார்த்தை பேசவில்லை. காத்திருந்தார்கள்.

ஹால் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ஹெலன் தனபால் கத்தரிக்கோலை, எடுத்த மாதிரியே, பெட்டியின் மேல் வைத்தார்.

பிறகு டேப்பை வாயருகே கொண்டுபோய்ப் பல்லால் கடித்தார்.