பக்கத்து ஊருக்குப் பூஜ்யம்

"நாலு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க, மேடம். என்ன தப்புன்னு ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

கேட்டவர் யேசுதியான். புள்ளியியல் துறையில் உதவி இயக்குநர். ஐம்பத்திரண்டு வயதில், வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. செய்கிறார். அவருடைய வழிகாட்டி, பேராசிரியர் மெஹருன்னிசா, அவரைவிடப் பதினோரு வயது இளையவர்.

மேஜைமேல் மூன்றாவது அத்தியாயம் கிடந்தது.

"மறுபடியும் சொல்லுங்க, சார்."

யேசுதியான் பெருமூச்சு விட்டார்.

"ஆவரங்குடி நகராட்சி தெருநாய் பிடிக்கிற திட்டம் கொண்டு வந்துச்சு. வருசத்துக்கு முந்நூறு நாய்க்கடி இருந்தது, நூத்தி நாப்பதா குறைஞ்சுது. பக்கத்து ஊரு நெடுங்கரையில திட்டம் இல்லை. அங்க நூத்தியெண்பது, முந்நூத்தி நாப்பதா ஏறிடுச்சு. ரெண்டையும் ஒப்பிட்டா திட்டம் அபார வெற்றி. எல்லா ஊருக்கும் கொண்டு போகலாம்னு எழுதியிருக்கேன்."

"நெடுங்கரையில ஏன் ஏறுச்சு?"

"அது ஒப்பீட்டுக்கு எடுத்த ஊரு, மேடம். அங்க ஒண்ணும் நடக்கலை. ஒண்ணும் நடக்காத ஊருன்னுதான் எடுத்தேன்."

"ஒரு ஊர்ல நடக்கிறது பக்கத்து ஊருக்கு எவ்வளவு பரவுது? மாடல்ல அதுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"பூஜ்யம்."

"ஏன்?"

"பரவுதுன்னு வச்சா முடிவு குழம்புது. பூஜ்யம் வச்சாத்தான் சுத்தமா வருது."

மெஹருன்னிசா அத்தியாயத்தைப் புரட்டினார். யேசுதியான் பென்சிலால் வரைந்திருந்த வரைபடம் வந்தது. ரப்பரை எடுத்தார். ஆவரங்குடிக்கும் நெடுங்கரைக்கும் நடுவில் இருந்த எல்லைக்கோட்டை அழுத்தித் தேய்த்தார். தூளை ஊதிவிட்டார்.

"என்ன மேடம் இது! ரெண்டு நாள் வேலை!"

"நெடுங்கரை ஆஸ்பத்திரியில ஒரு நாள் உக்காந்துட்டு வாங்க, சார்."

"எல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்கு. இருபத்தேழு வருசமா ரெஜிஸ்டர் பாக்குறேன். அங்க போய் நான் என்னத்தைப் பாக்க?"

"எனக்குக் கிளாஸ் இருக்கு."

எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில், வழி முழுக்க மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே யேசுதியான் காரை ஓட்டினார்.

நெடுங்கரை அரசு மருத்துவமனை. ஊசி போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் இடமில்லை. சுவரோரமாக நின்றார்.

"மருந்து தீந்து போச்சு. நாளைக்கு வாங்க," என்றார் நர்ஸ் அமலோற்பவம்.

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க." பேச்சித்தாய் என்ற பெண் வாசலை விட்டு நகரவில்லை. இடுப்பில் மகள். எட்டு வயதிருக்கும், தூக்குகிற வயதில்லை. கெண்டைக்காலில் துணி சுற்றியிருந்தது. "நாய் கடிச்ச புள்ளையை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு? ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

"என்கிட்ட கத்தாதம்மா. நானா ஒளிச்சு வச்சிருக்கேன்? போன வருசம் கடிபட்டவங்களை எண்ணித்தான் இந்த வருசம் மருந்து வருது. அது ஆறே மாசத்துல காலி. கேட்டுக் கேட்டு எனக்கே வெறுத்துப் போச்சு." அமலோற்பவத்தின் குரல் இறங்கியது. "ஆவரங்குடியில கிடக்கு. அங்க கொண்டு போ."

"பஸ்ஸு ரெண்டு மணிக்குத்தான்."

யேசுதியான் சுவரை விட்டு வந்தார்.

"கார் இருக்கும்மா. ஏறுங்க."

இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடைப் பாலம். பாலத்தின் மேல் ஒரு வேன் வழியை மறித்து நின்றது. ஆவரங்குடி நகராட்சி என்று எழுதியிருந்தது. டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். கம்பியால் இரண்டு தட்டு தட்டினார்.

நாய்கள் குதித்தன. நெடுங்கரைப் பக்கமாக ஓடின.

யேசுதியான் தன்னை அறியாமல் எண்ணினார். ஒன்பது.

காரிலிருந்து இறங்கி ஓடினார். "யோவ்! இங்க ஏன்யா விடுறே?"

"எங்க எல்லை பாலத்தோட சரி, சார்."

"அந்தப் பக்கமும் ஆளு இருக்காங்கய்யா!"

"அது அவங்க பாடு." டிரைவர் கதவைச் சாத்தினார். "இப்ப எங்க ஊர்ல நாய்த் தொல்லையே இல்லை. எங்க ஆபீஸ்ல வந்து கணக்கு வாங்கிட்டுப் போன பெரிய ஆபீசர் ஒருத்தர் சொன்னாராம். அபார வெற்றியாம். எல்லா ஊருக்கும் இதே திட்டம் வரப்போகுதாம்."



யேசுதியான் காருக்குத் திரும்பினார். சிறுமி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"முந்தாநாளும் இப்படித்தான் சார் விட்டுட்டுப் போனான்," என்றாள் பேச்சித்தாய். "அதுல ஒரு செவலை நாய். நான் அடிச்சு விரட்டுறதுக்குள்ள இவ காலைப் பிடிச்சிருச்சு."

வேன் நகர்ந்ததும் யேசுதியான் காரை எடுத்தார்.

ஆவரங்குடி மருத்துவமனையில் கூட்டமே இல்லை. பத்து நிமிடத்தில் ஊசி போட்டாயிற்று. சிறுமி ஒரே ஒரு தடவை வீறிட்டாள். அடுத்த ஊசிக்கு வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு எழுத்தர் நாய்க்கடிப் பதிவேட்டைத் திறந்தார்.

"எந்த ஊரு?"

"கடிபட்டது நெடுங்கரை," என்றார் யேசுதியான்.

எழுத்தர் எழுதப் போனார்.

"கடிச்ச நாய் ஆவரங்குடி."

எழுத்தர் நிமிர்ந்தார். "என்ன சார் சொல்றீங்க?"

"ஆவரங்குடி நாய். நெடுங்கரையில கடிச்சுது."

"அப்ப ஆவரங்குடின்னு எழுதவா?"

"இல்லை."

"நெடுங்கரை?"

"அது மட்டும் இல்லை."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏதாவது ஒரு ஊரைச் சொல்லுங்க, சார். ரெண்டு ஊரு எழுத இதுல கட்டம் கிடையாது."

யேசுதியான் பதிவேட்டைத் தன் பக்கமாகத் திருப்பினார்.

"ஸ்கேல் இருக்கா?"