குரல் வைத்துப் போகும் வழி

காட்டுக்குள் போகிறவன் எதையோ ஒன்றை வெளியே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று எங்கள் பெரியப்பா பேச்சுவாக்கில் சொல்வார். எதை என்றும் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் மறந்துபோயிற்று.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதில் பிச்சம்மாள் என்ற துறவி இருந்தார். அவருக்கு ஒரே சீடர், கோமதிநாயகம். சீடர் குருவைவிட வயதில் மூத்தவர். மகளுக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே வீட்டைவிட்டு வந்தவர். அவள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

அந்த மகள் செண்பகவல்லி கணவனோடு மறுநாள் வருவதாக இருந்தது. காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுவார்கள்.

அவளுக்குக் கொடுக்கக் கோமதிநாயகத்திடம் ஒன்றும் இல்லை. மடத்துக்குப் பின்னால் காட்டுக்குள் ஓர் அருவி இருந்தது. அதைக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று நினைத்தார். ஏற்றம் கிடையாது. பேசிக்கொண்டே நடந்தால் தூரமே தெரியாது.

வழியில் நீட்டிக்கொண்டிருந்த முள்ளையெல்லாம் வெட்டிவிட்டார். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் பூசத் தண்ணீரில் புகையிலை ஊறவைத்தார். மருமகன் குளிக்கத் துண்டு, மகளுக்குக் குடை, எலுமிச்சைச் சோறு கட்ட வாழையிலை என்று ஒவ்வொன்றாகக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

பிச்சம்மாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன நாயகம், கல்யாணச் சீரு இப்பத்தான் வருதா?"

கோமதிநாயகம் தலைகுனிந்து இலையைத் துடைத்தார்.

"எல்லாம் சரி. வெளியே யாரை நிறுத்தப் போறீரு?"

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. அருவிக்குப் போகிறவர்கள் தங்களில் ஒருவரைப் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் போவார்கள். அவர் அவ்வப்போது 'ஓ' என்று குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர்கள் பதிலுக்கு 'ஓ' என்பார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது.

"கைக்குழந்தையை இறக்கிவிட்டா அதுவே போயிட்டு வந்துரும். இந்த வழிக்கு எதுக்கும்மா ஒரு ஆளு? அங்கே என்ன புலியா இருக்கு?"

"புலின்னா பரவாயில்லையே. அது ஆளைக் கூப்பிடாது."

"போறவங்கள்ல வேற யாரு இருக்கா நிறுத்த? நான்தான் நிக்கணும். அவ வாறது அரை நாளு. அதுலயும் நான் வெளியே நின்னு கத்திக்கிட்டிருந்தா, கூட நடக்கிறது எப்போ?"

பிச்சம்மாள் சரிந்து கிடந்த குடையை நிமிர்த்தி வைத்தார்.

"சரி. இன்னைக்கு ஒரு தடவை போய் வழியைப் பாத்துட்டு வாரும். நான் நின்னு குரல் கொடுக்கேன்."

நல்ல உச்சி வெயிலில் கோமதிநாயகம் காட்டுக்குள் நுழைந்தார். உள்ளே வெயில் இல்லை. காற்றும் இல்லை. காலடியில் சருகு மட்டும் நொறுங்கியது.

முதல் வளைவைத் தாண்டியதும் பின்னாலிருந்து "ஓ" என்று கேட்டது. அவரும் "ஓ" என்றார்.

இன்னும் கொஞ்சம் நடந்தார். மறுபடியும் கேட்டது. பதில் சொன்னார்.

தூரம் போகப் போகக் குரல் தேயவேண்டும். தேயவில்லை. அம்மாவுக்கு நல்ல தொண்டைதான் என்று நினைத்துக்கொண்டார்.

அருவியின் இரைச்சல் கேட்கத் தொடங்கிய இடத்தில் குரல் முன்னாலிருந்து வந்தது.

பாறையில் பட்டு எதிரொலிக்கிறது என்று எண்ணி அதற்கும் "ஓ" என்றார். உடனே அடுத்தது வந்தது. இந்த முறை கொஞ்சம் மெல்லிய குரல். அதற்கடுத்தது இன்னும் மெலிந்து, பக்கத்துப் புதருக்குள்ளிருந்து வந்தது.

"அப்பா."

அவர் நின்றார்.

"அப்பா, இங்கே."

"இந்தா வந்துட்டேன் ராசாத்தி" என்று சொன்னது தன் வாய்தான் என்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பாதையை விட்டு இறங்கியிருந்தார். ஈரப் பாசியில் கால் வழுக்கியது. அடுத்த காலை வைக்க அங்கே தரை இல்லை. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

அப்போதும் குரல் நிற்கவில்லை. கீழே, கறுத்துக் கிடந்த தண்ணீருக்குள்ளிருந்து, செல்லமாக, அவசரமே இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வேரைப் பற்றி மேலே ஏறி அவர் மடத்துக்குத் திரும்பியபோது பாதை முனையில் யாரும் இல்லை. பிச்சம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எப்போ இங்கே வந்தீங்க?"

"நான் எங்கே போனேன்? இங்கேதான் இருக்கேன்."

"குரல் கொடுக்கேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். கொடுக்கலை. எதுக்கு ஒரு ஆளுன்னு கேட்டீருல்ல? வெளியே ஆளு நின்னு கூப்பிட்டா, உள்ளே வேற குரல் வராது."

கோமதிநாயகம் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பிச்சம்மாள் அதைப் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அப்போ என்னைக் கூப்பிட்டது யாரு?"

"நீரு யாருன்னு நினைச்சுப் பதில் சொன்னீரு?"

"முதல்ல நீங்கன்னு நினைச்சேன். பிறகு..." அவர் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "செண்பகம்னு நினைச்சேன்."

"எத்தனை வயசுக் குரலு?"

"சின்னப் பிள்ளை. நாலோ அஞ்சோ."

"நாளைக்கு வாறவளுக்கு?"

அவர் செம்பைத் தரையில் வைத்தார்.

"அவ இப்போ பேசினா எப்படி இருக்கும்?"

"தெரியாதும்மா. போன்லகூட மாப்பிள்ளைதான் பேசினாரு."

பிச்சம்மாள் முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

"நாளைக்கு உள்ளே ரெண்டு பேரு 'அப்பா'ன்னு கூப்பிடுவா. எவளுக்குப் போவீரு?"

கோமதிநாயகம் காட்டுப் பக்கம் திரும்பவில்லை. செம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மகளும் மருமகனும் அருவிக்குப் போனார்கள். குரல் கொடுக்க அவர் பாதை முனையில் நின்றார்.