வாலுக்கு ஒரு ஆரஞ்சுத் தொப்பி

"அக்கா, எனக்கு எப்போ விசில் தருவீங்க?"

அமலி அக்கா ஒரு மலைவாழைப்பழத்தை உரித்தார். பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

"பழம் கேக்கல. விசில் கேட்டேன்."

"சாப்பிடு. நாளைக்கு ஏத்தம் ஜாஸ்தி."

இதுதான் பதில். நான் கேட்கும்போதெல்லாம் இப்படி ஏதாவது கைக்கு வரும். போன தடவை தேன்மிட்டாய். அதற்கு முந்தின தடவை, உரிக்கச் சொல்லி ஒரு கூடை வெங்காயம்.

*

சிறுமலையில் எங்கள் முகாம். கோடை விடுமுறையில் மட்டும் நடக்கும். மதுரை, திண்டுக்கல் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். கூடாரம் போட, கயிற்றில் ஏற, காட்டில் நடக்கக் கற்றுக்கொடுப்போம். ஒரு கூட்டம் போனால் அடுத்த கூட்டம். சீசன் முடிந்ததும் முகாமைப் பூட்டிவிட்டு எல்லாரும் அவரவர் வீட்டுக்கு.

நான் பிளஸ் டூ முடித்து நேராக இங்கே வந்தவள். மார்க்கைக் கேட்காதீர்கள். மரம் ஏறுவேன், பாறை ஏறுவேன், யாரையும்விட வேகமாக நடப்பேன். அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள் என்று நினைத்தேன்.

வந்த அன்றைக்கே அக்கா ஒரு ஆரஞ்சுத் தொப்பியை என் தலையில் கவிழ்த்தார்.

"அரசி, நீதான் வால்."

காட்டுக்குள் ஒற்றை வரிசையாகத்தான் போவோம். யாரும் யாரையும் முந்தக் கூடாது. அது இங்கே சட்டம். முன்னால் போகிறவர் தலை. கழுத்தில் விசில் தொங்கும். கடைசியில் வருகிறவர் வால். வாலுக்குத்தான் இந்தத் தொப்பி. ரோட்டில் 'வேலை நடக்கிறது' என்று பலகை வைப்பார்களே, அதற்குக் கை கால் முளைத்த மாதிரி இருப்பேன்.

வாலுக்கு முன்னால் யார் நடப்பார்கள்? கூட்டத்திலேயே மெதுவான பிள்ளை. எல்லாக் கூட்டத்திலும் ஒன்று இருக்கும். அதன் முதுகைப் பார்த்தே என் கோடை போய்க்கொண்டிருந்தது.

விசில் வாங்கியவர்களைத்தான் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள். வாங்காதவர்களுக்கு ஒரு குரூப் போட்டோவும் டாட்டாவும். அப்பா ஏற்கெனவே சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் எனக்கு நாற்காலி பார்த்து வைத்துவிட்டார்.

"ஃபேன் காத்துல உக்காந்த இடத்துல வேலைம்மா. கொடுத்து வச்சிருக்கணும்."

எனக்கு அந்தக் கொடுப்பினை வேண்டாம். இந்த மலைதான் வேண்டும்.

*

அமலோற்பவம் என்பது அக்காவின் முழுப்பெயர். முப்பது வயசு இருக்கும். தேவைக்கு மேல் பேசமாட்டார். தேவைக்கே பேசமாட்டார் என்றும் சொல்லலாம்.

சீசன் நடுவில் ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"என்னைவிட வேகமா இந்த மலையில யாருக்கா ஏறுவா?"

"காட்டு."

ஓடினேன். உச்சிப்பாறையைத் தொட்டுவிட்டு மூச்சிரைக்க இறங்கி வந்து அக்கா முன்னால் நின்றேன். அவர் அப்போதுதான் டீயைக் குடித்து முடித்திருந்தார்.

"எப்படி?"

"நல்ல வேகம். கூட யாரு வந்தா?"

"யாரும் வரல. தனியாத்தான்."

"ஓ," என்றார். அன்றைக்குத்தான் அந்த வெங்காயக் கூடை.

*

இப்போது வந்திருப்பது கடைசிக் கூட்டம். நாளைக்குக் கடைசி நடை. வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் தோலோடு அங்கேயே நின்றேன்.

"சரிக்கா, விசில் வேணாம். ஏன் தரலன்னாவது சொல்லுங்க."

அக்கா யோசித்தார்.

"இன்னைக்கு வழியில எங்கெங்க நின்னோம்?"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே நிறுத்துனீங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார். நான் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

"இதுல என்னக்கா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. அந்தத் தோலைக் குப்பையில போடு."

*

இந்தக் கூட்டத்தின் மெதுவான பிள்ளை ரஹ்மத் நிஷா. ஏழாம் வகுப்பு. அண்ணனுடைய ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நுனியில் செய்தித்தாள் அடைத்திருந்தது. கொஞ்ச தூரம் நடப்பாள், கயிறு அவிழும். உட்கார்வாள், கட்டுவாள். இன்னும் கொஞ்ச தூரம். மறுபடியும்.

"ஏன்டி, உன் அளவுக்கு ஒண்ணு வாங்கக் கூடாதா?"

"அண்ணன் ஷூ சும்மாத்தான கெடக்கு, எப்படியும் நீ வளந்துருவேன்னு உம்மா சொல்லிச்சு."

"இந்த வாரத்துலயா?"

"அதை உம்மாகிட்டதான் கேக்கணும் மிஸ்."

"மிஸ் இல்ல, அக்கா. எத்தனை வாட்டி சொல்றது?"

"அக்கான்னா இவ்ளோ திட்ட மாட்டாங்க. மிஸ்தான் திட்டுவாங்க. அதான் மிஸ்னு கூப்புடுறேன்."

அவள் கட்டி முடிக்கும்வரை நின்றேன். வேறென்ன செய்ய? வால் விட்டுவிட்டுப் போக முடியாதே.

நிமிர்ந்து பார்த்தால், மேல் வளைவில் மொத்த வரிசையும் நின்றிருந்தது. அக்கா ஏதோ மரத்தைக் காட்டிப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

இதுவும் வழக்கம்தான். சரியாக நாங்கள் பின்தங்கும் நேரத்தில் அக்கா விசில் அடித்து எல்லாரையும் நிறுத்திவிடுவார். அந்தச் சத்தம் எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. வாலில் இருந்தால் என்ன கேட்கும்? அக்காவுக்கு நல்ல அதிர்ஷ்டம் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

"மிஸ், அந்தத் தொப்பி உங்களுக்கு நல்லாருக்கு."

"வாயை மூடிட்டு நட."

"பூசணிப்பூ மாதிரி."

*

மறுநாள் கடைசி நடையில், உச்சி நெருங்கும்போது வரிசை சட்டென்று நின்றது. முன்னாலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பி உதட்டில் விரலை வைத்தார்கள். ரஹ்மத் என் காதருகே வந்து சொன்னாள்.

"காட்டுமாடாம். பாதையில நிக்குதாம்."

எட்டிப் பார்த்தேன். தூரத்தில் கறுப்பாக ஒரு பாறை வாலை ஆட்டியது.

அக்கா தலைக்கு மேல் கையைச் சுழற்றினார். திரும்பச் சொல்கிறார். சத்தம் போடாமல் எல்லாரும் நின்ற இடத்திலேயே திரும்பினார்கள். அக்கா மட்டும் மாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது தலை யார்?

நான்.

அக்காவைப் பார்த்து என் கழுத்தைத் தட்டிக் காட்டினேன். விசில்! அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கழற்றினார். பக்கத்துப் பையன் கையில் வைத்தார். அது ஒவ்வொரு கையாக மாறி, வளைவு வளைவாக இறங்கி, ரஹ்மத்திடம் வந்து, என்னிடம் வந்தது.

"இப்ப நீங்க தலையா மிஸ்?"

"ஆமா."

"அப்ப மெதுவாப் போங்க."

தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். விசிலை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

அதுவல்லவா நடை! முன்னால் ஒரு முதுகும் இல்லை. பாதை முழுக்க எனக்கு. கால் தானாகப் போனது.

பின்னால் "மிஸ்" என்று ஒரு குரல்.

"வா, வா," என்றேன், திரும்பாமல்.

கொஞ்சம் கழித்து மறுபடியும் "மிஸ்". இந்தத் தடவை சின்னதாக.

"வா, வா."

அப்புறம் குரல் இல்லை. நல்லது, வேகம் பிடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தபோது பனி இறங்கியிருந்தது. இடது பக்கம் முகாம். வலது பக்கம் செங்குத்தான சரிவு. பிள்ளைகள் குழம்புகிற இடம். தலை என்றால் இங்கே நின்று வழி காட்ட வேண்டும். நின்றேன். இடது பக்கம் கையை நீட்டினேன். கம்பீரமாகத் திரும்பினேன்.

யாரும் இல்லை.

வெறும் பனி.

"ரஹ்மத்!"

பதில் இல்லை.

விசிலை எடுத்து ஊதினேன். சத்தம் வரவில்லை. கன்னம் வலிக்க ஊதினேன். காற்றுகூட உள்ளே போகவில்லை. திருப்பிப் பார்த்தேன். ஓட்டையில் செம்மண் பூசி, நன்றாக வழித்துவிட்டு, அடைத்திருந்தது.

குளவிக் கூடு.

மேலே காட்டுமாடு. இங்கே சரிவு. நடுவில் எங்கேயோ அத்தனை பிள்ளைகள். அதில் ஒருத்தி காலில் அவளுக்குச் சேராத ஷூ.

வந்த வழியிலேயே மேலே ஓடினேன். உச்சிப்பாறையைத் தொட ஓடியபோதுகூட அப்படி ஓடவில்லை.

*

ரஹ்மத் பாதை நடுவில் உட்கார்ந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை கலையாமல் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட அவளை முந்தவில்லை. வளைவுக்கு மேலே, என் தலைக்கு நேராக, அக்கா நின்று கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தார்.

"மாடு?" என்றேன், மூச்சு வாங்க.

"அது அப்பவே அந்தப் பக்கம் போயிருச்சு. நீ வருவியான்னுதான் பாத்துட்டிருந்தோம்."

"இந்த விசில் வேலை செய்யலக்கா!"

"தெரியும்."

"உள்ள குளவி கூடு கட்டியிருக்கு!"

"ஆமா. சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆணியில தொங்கிட்டிருந்துச்சுல்ல, அப்பக் கட்டிருச்சு. பாவம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

"சீசன் முழுக்கவா?"

"ம்."

"யாராவது தொலைஞ்சு போயிருந்தா?"

"தொலைஞ்சது நீ மட்டும்தான்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ரஹ்மத் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் என்னவோ செய்தது. அழுகை வந்தது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டேன், எனக்கு அதுதான் சுலபம்.

"அப்ப இத்தனை நாளா வரிசைய எப்படித்தான் நிறுத்துனீங்க?"

"தொப்பி எங்க?"

"என்னது?"

"உன் தொப்பி."

பையிலிருந்து எடுத்தேன். கசங்கிப் போயிருந்தது.

"மேல இருந்து பாத்தா காட்டுல வேற எதுவும் தெரியாது அரசி. அது ஒண்ணுதான் தெரியும். அது வந்துக்கிட்டே இருந்தா நாங்களும் போவோம். அது நின்னா..."

மிச்சத்தைச் சொல்லாமல் கடலைமிட்டாயைக் கடித்தார்.

"இன்னைக்கு எங்க தேடியும் காணோம். அதான் உக்காந்துட்டோம்."

நேற்று ரஹ்மத்தின் கயிறு அவிழ்ந்த இடமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பலாமரத்தடி. ஓடைப்பாலம். அந்தக் கரையான் புற்றுக்குப் பக்கத்தில்.

விசிலைக் கழற்றி மேலே நீட்டினேன்.

அக்கா கையை நீட்டவில்லை.

"வச்சுக்க. அடுத்த கோடைக்குள்ள குளவி பறந்துரும்."

அடுத்த கோடை. அப்படித்தான் சொன்னார். நான் சரியாகத்தான் கேட்டேன்.

தொப்பியை உதறித் தலையில் போட்டேன்.

"என்ன, கிளம்பலாமா?" என்றார் அக்கா.

எல்லாரும் எழுந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கீழே பார்த்தேன். ரஹ்மத்தின் இடது காலில் முடிச்சு விழுந்திருந்தது. வலது காலில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"இருங்கக்கா. இன்னொரு கால் இருக்கு."

ரஹ்மத் நிமிரவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அவசரம் ஒண்ணுமில்லைல, அக்கா?"