பின்னால் வந்த ரங்கன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

மேட்டுப்பாளையத்தில் கனகசபை என்று ஒருவர். மூளைக்காரர். மிக்ஸியோ மோட்டாரோ, நின்றுபோனது எதுவாக இருந்தாலும் அவர் கை பட்டால் ஓடும்.

அந்தக் கனகசபை ஒருநாள் மெர்சி டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், என் பிரேக் நல்லாப் புடிச்சுதுங்க. அப்புறம் தப்பு எங்கீங்க நடந்துச்சு?"

மெர்சி டீச்சர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கனகசபையைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் தலை நரைத்த பிறகு கார் ஓட்டப் படித்த மனிதருக்கு அவர்தானே குரு?

டீச்சர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"குரங்கு சௌக்கியமா இருக்குதுங்களா?"

கனகசபை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

நடந்தது இதுதான்.

கனகசபையிடம் அவர் தாத்தா காலத்துக் கார் ஒன்று இருந்தது. பச்சை நிறம். நீளமான மூக்கு. ஊரே திரும்பிப் பார்க்கும். பிரேக் மட்டும் சோம்பேறி. இங்கே மிதித்தால் ஆற அமர யோசித்து, அதோ அங்கே போய்த்தான் நிற்கும்.

அதனால் அவர் எங்கே போனாலும் கூட்டாளி ரங்கன் பைக்கில் பின்னாலேயே வருவார். பையில் ஸ்பேனர், தண்ணீர் பாட்டில், ஒரு கருங்கல். கார் நின்றதும் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அந்தக் கல்லை அண்டக் கொடுப்பார்.

"மாப்ள, உன் காருக்குப் பிரேக்கே நான்தான்டா" என்று சிரிப்பார்.

காரின் முதுகில் பிரேக் லைட்டும் கிடையாது. கனகசபை டீச்சரிடம் படித்தபடி, நிறுத்துவதற்கு வெகு முன்னாலேயே வலது கையை வெளியே நீட்டி மேலும் கீழும் ஆட்டுவார். லைசென்ஸ் கைக்கு வந்ததும் எல்லோரும் மறந்துவிடுகிற பாடம் அது. பிரேக் மோசம் என்பதால் அவர் மறக்கவில்லை.

பிறகு மூளைக்காரருக்கு யோசனை வந்தது. பழைய டிரம் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, மிதித்ததும் பிடிக்கிற டிஸ்க் பிரேக் பொருத்தினார். எல்லாம் அவர் கை வேலை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"அப்படியே பின்னால ஒரு சிவப்பு லைட்டும் வெச்சிரு மாப்ள" என்றார் ரங்கன்.

"போடா! பழைய அழகு போயிரும்."

"அப்ப இந்தக் கல்லு?"

"தூக்கி வீசு. இனி அதுக்கு வேலை இல்ல."

ரங்கன் கல்லை வீசவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டார்.

கோத்தகிரி ரோட்டில் இறங்கும்போது ஒரு குரங்குக்குட்டி குறுக்கே ஓடியது. கனகசபை மிதித்தார். கார் ஆணி அடித்தது போல நின்றது. ஆகா என்று வாய் திறப்பதற்குள், ஒட்டி வந்த ரங்கனின் பைக் பின்னால் மோதிய சத்தம் கேட்டது.

குரங்குக்குட்டி பிழைத்தது. ரங்கனுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் கனகசபையோடு பேசவில்லை. கதவைத் தட்டினால் உள்ளே ரேடியோ சத்தம் கூடும்.

"பழைய பிரேக்கையே திருப்பி மாட்டிரட்டுங்களா டீச்சர்? மாட்டுனா அவன் எங்கிட்டப் பேசுவானுங்களா?"

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"அதே ரோட்டுல ஓட்டுங்க. நான் பின்னால வர்றேன்."

ஓட்டினார். மலையடிவாரத்து டீக்கடை வந்ததும் மிதித்தார். மிதித்த இடத்திலேயே நின்றது கார்.

திரும்பிப் பார்த்தால் டீச்சரைக் காணோம். வெகு நேரம் கழித்து, எங்கோ தொலைவில் ஸ்கூட்டர் தெரிந்தது. மெதுவாக வந்து சேர்ந்தது.

"ஏனுங்க டீச்சர் இத்தனை தள்ளி வர்றீங்க?"

"பயமா இருக்குதுங்க."

"புது பிரேக்குங்க! பயமே வேண்டாம்."

"உங்களுக்கு."

டீக்கடைக்காரர் யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் கேட்டார். "ரங்கன் மட்டும் எப்படி ஒட்டியே வந்தாரு?"

"அவன் எப்பவுமே ஒட்டித்தானுங்க வருவான்."

"பயமில்லாமயா?"

"அவனுக்கு என்னங்க பயம்? நிறுத்தறதுக்கு முன்னாடி நான் கைய..."



தன் வலது கையைப் பார்த்தார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. புது பிரேக் வந்த நாளிலிருந்து அது ஜன்னலைத் தாண்டவே இல்லை.

டீச்சர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் ரங்கன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. தெருமுனையில் பச்சைக் கார் திரும்புவதைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகக் கோலை எடுத்தார்.

எடுத்தவர் நின்றார்.

கார் ஊர்ந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை. தெருமுனையிலிருந்தே மேலும் கீழும் ஆடிக்கொண்டு வந்தது.

வாசலுக்கு நேரே கார் நின்றது.

ரங்கன் காருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தெரு காலி. ஒரு நாய்கூட இல்லை.

எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய் திறந்தார்.

"பின்னால யாருடா வர்றா, கை காட்ற?"

கனகசபை நீட்டிய கையை உள்ளே இழுக்கவில்லை.