கோரைத்திட்டு ரேடியோ கழகமும் புயலும்

கடலோரக் கோரைத்திட்டில் பொழுதுபோக்காக ரேடியோ செட்டில் பேசிக்கொள்கிறவர்களின் ஹாம் ரேடியோ கழகம் ஒன்று இருந்தது. ஐஸ் கம்பெனி தாசையா தலைவர், தையல்கடை எப்சிபா செயலாளர், சலூன் கொடிவேல் உறுப்பினர். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் இந்த மூவரையும் மிஞ்ச ஆள் கிடையாது.

ஐப்பசிப் புயலில் செல்போன் கோபுரம் சாய்ந்தது. அன்று மத்தியானம் கழகத்தின் கையடக்க செட்டில் தாசில்தார் அம்மாவின் குரல் வந்தது.

"கடல் ஊருக்குள்ள வரப் போகுது. சனங்களை எப்படிக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்றேன். அதுவரைக்கும் லைன்லயே இருங்க."

மூவரும் எழுந்து ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். அறையில் இடம் போதவில்லை. செட்டோடு தெருவுக்கு வந்தார்கள்.

"எந்தப் பக்கம் பார்த்து நிக்கணும்?" என்றான் கொடிவேல்.

"சொன்னது கவர்மென்ட். கவர்மென்ட் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நில்லு," என்றார் தாசையா.

பள்ளிக்கூடம் மேட்டின் உச்சியில் இருந்தது.

கொட்டும் மழையில் மூன்று பேர் வரிசையில் நிற்பதை ஊர் பார்த்தது. ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்று ஒருத்தி பின்னால் வந்து நின்றாள். என்னவென்று விசாரித்தால் இடம் போய்விடும் என்று மற்றவர்களும் பையும் பிள்ளைகளுமாக ஓடிவந்தார்கள்.

செட் கரகரத்தது. "குரல் தெளிவா இல்லை. கொஞ்சம் மேல போங்க."

அந்த அம்மா சொன்னது அலைவரிசையை. மூவரும் மேட்டில் ஏறினார்கள். வரிசையை விட மனமில்லாமல் ஊரும் ஏறியது.

"இன்னும் மேல."

பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், அவர்கள் நின்றிருந்த தெருவில் கடல் நின்றது.

"இப்ப நல்லாக் கேட்குது. சனங்கள்லாம் எங்கே?"

"லைன்லதான் இருக்காங்கம்மா. பள்ளிக்கூடத்துல," என்றார் தாசையா.

செட் மறுபடி கரகரத்தது. பிறகு, "காலையில படகு அனுப்புறேன். அதுவரைக்கும் பேட்டரியைக் காப்பாத்துங்க."

"ரேடியோவையும்னு சொன்னாங்களா?" என்றாள் எப்சிபா.

"சொல்லலையே."

பேட்டரியைக் கழற்றித் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோனார்கள். வாசற்படியில் விட்ட செட்டை இரவில் படிவரை ஏறிய வெள்ளம் கொண்டுபோயிற்று.

காலையில் படகோடு தாசில்தார் அம்மாவே வந்தார். "கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். ஏன் பதில் இல்லை?"

தாசையா துணியை விலக்கிக் காட்டினார். "ஒரு சொட்டுத் தண்ணி படலைம்மா."

அந்த அம்மா படகின் பக்கம் திரும்பினார். "சரி, கைக்குழந்தைங்க முதல்ல ஏறட்டும்."

மூவரும் ஒதுங்கிப் பேசினார்கள்.

"பேட்டரி வாங்கி எவ்வளவு நாளாச்சு?"

"போன மாசம்தான்."

முதல் படகில் சின்ன லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பேட்டரி போயிற்று. எப்சிபா அதைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே போனாள்.