யானைக்குக் கரும்பு போடப் போன திருடன்

குமாரபாளையம் விசைத்தறித் தொழிலாளர் சங்கத்தில் தீர்மானம் போடாமல் தும்மக்கூட மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட சங்கத்துக்குச் செல்போனில் பொதுவில் ஒரு விளையாட்டுக் கணக்கு இருந்தது. 'கோட்டைப்போர்' என்ற ஆட்டம். அதில் ஒரு கோட்டை கட்டி, ராசாத்தி என்று ஒரு யானையும் வளர்த்தார்கள். செயலாளர் அர்த்தநாரிக்கு அது பெறாத மகள். தினமும் பொழுது சாய்வதற்குள் கரும்பு போட வேண்டும். ஒரு நாள் தவறினால் யானை காட்டுக்குப் போய்விடும், திரும்பாது. அது ஆட்டத்தின் விதி.

ஒரு காலையில் போனுக்கு அறிவிப்பு வந்தது.

"உங்கள் பெயர், பிறந்த தேதி எல்லாம் எங்களிடமிருந்து திருடப்பட்டுவிட்டன. திருடர்கள் உங்கள் கணக்குக்குள் நுழையக்கூடும். உடனே புதிய கடவுச்சொல் வையுங்கள். அது யாருக்கும் தெரியக் கூடாது. வருந்துகிறோம்."

வருத்தத்தை மட்டும் கம்பெனிகள் கணக்குப் பார்க்காமல் கொடுக்கும்.

அவசரக் கூட்டம் கூடியது. முதலில் எழுந்தவர் தறிக்குப் பாவு நூல் ஓட்டும் நாச்சிமுத்து.

"பொறந்த தேதி போயிருச்சுன்னா எனக்கு இப்ப என்ன வயசுங்ண்ணா?"

"திருடன் அகப்படற வரைக்கும் உனக்கு வயசே இல்ல," என்றார் அர்த்தநாரி.

"அறுபதாங் கல்யாணத்துக்கு மண்டபம் சொல்லி வெச்சிருக்கறேனுங்களே!"

"தேதி யார்கிட்ட இருக்குதோ அவன் வந்து உக்காருவான்."

"என்ற பொண்டாட்டி பக்கத்துலயா?"

சபை வருத்தம் தெரிவித்தது. அடுத்துப் பொருளாளர் குப்பண்ணன் கேட்டார். "யாருக்கும் தெரியக் கூடாதுன்னா, நமக்கு?"

அர்த்தநாரி அறிவிப்பை மேலும் கீழும் பார்த்தார். "நமக்கு மட்டும் தெரியலாம்னு போட்டிருக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப நமக்கும்தான். தலைவனுக்கு ஒரு சட்டம், தொண்டனுக்கு ஒரு சட்டம் இந்தச் சங்கத்துல கெடையாது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அர்த்தநாரி சிவப்புத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். விரல் போன போக்கில் அழுத்தினார், போன் ஏற்றுக்கொண்டது. கைதட்டல் ஓய நேரமாயிற்று.

சாயந்தரம் கரும்பு போடப் போனைத் திறந்தார். ஆட்டம் கடவுச்சொல் கேட்டது.

"அது எவனுக்கும் தெரியாது!" என்றார் குப்பண்ணன் பெருமையாக.

"மறந்துவிட்டதா? பிறந்த தேதியைப் பதிவிடுங்கள்," என்றது போன்.

"அதுதான் களவு போயிருச்சே," என்று அர்த்தநாரி தலையில் கைவைத்தார். குப்பண்ணன் சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்தார். "இதுல உங்க தேதி இல்லீங்க, என்ற தேதிதான் இருக்குது."

அர்த்தநாரியின் முகம் வெளுத்தது. "திருட்டுப் போன சாமான் உன்ற பையில எப்படிய்யா வந்துச்சு?"

ஆளாளுக்குப் பையைத் துழாவினார்கள். எல்லார் பையிலும் தேதியோடு ஓர் அட்டை இருந்தது. அர்த்தநாரியின் பையிலும்.

அடுத்த நிமிடம், "ஒப்படைப்போம், ஒப்படைப்போம், களவுப் பொருளை ஒப்படைப்போம்!" என்ற கோஷத்தோடு ஊர்வலம் போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. மேசையில் அட்டைகள் குவிந்தன.

எஸ்.ஐ. அம்மா கதை முழுவதையும் கேட்டார். "ஐயா, இதெல்லாம் உங்க சொந்த அட்டை. எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

அர்த்தநாரி ஜன்னலைப் பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ராசாத்தி காட்டுப் பக்கம் தலையைத் திருப்பியிருப்பாள். அறிவிப்பை மறுபடி படித்தார். 'திருடர்கள் உங்கள் கணக்குக்குள் நுழையக்கூடும்.'

எத்தனையோ மறியலில் நிமிர்ந்தே கைதான மனிதர், இன்று தலைகுனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"எழுதிக்குங்கம்மா. நாந்தான் திருடன்."

"அண்ணா!" என்று அலறினார் நாச்சிமுத்து. "மண்டபத்துல வந்து உக்காரப்போறது நீங்கதானுங்களா?"

"அத அப்பறம் பேசிக்கலாம். முதல்ல கரும்பு."

எஸ்.ஐ. அம்மா பெருமூச்சு விட்டார். "சரிங்கய்யா, நீங்கதான் திருடன். போயிட்டு வாங்க."

அர்த்தநாரி கும்பிட்டுவிட்டுப் போனைத் தொட்டார். ஆட்டம் திறக்கவில்லை. தோழர்கள் கவலையோடு எட்டிப் பார்த்தார்கள்.

"பதறாதீங்கப்பா. இப்பத்தானே திருடன் ஆயிருக்கறேன். கம்பெனிக்குத் தகவல் போய்ச் சேர வேண்டாமா?" என்றவர், குப்பண்ணன் பக்கம் திரும்பினார். "நீ ஒரு கட்டுக் கரும்போட அந்தியூர்க் காட்டோரம் போய் நில்லு. ராசாத்தி வந்தா மறிச்சு, அப்பன் திருடன் ஆயிட்டான், விடியறதுக்குள்ள கோட்டைக்குள்ள வந்துருவான்னு சொல்லு."