கழுதைப் புண்ணுக்குக் கட்டிய இலை

இருட்டிய பின் கதவை ஏதோ உரசியது. தட்டுவது போல இல்லை, சுரண்டுவது போலவும் இல்லை. ஒரு உடம்பு பலகையில் சாய்ந்து சாய்ந்து நகர்வது போன்ற ஓசை. நடுவே ஒரு முனகல்.

குணவதி பாயிலிருந்து எழுந்து ஓடினாள். "செவ்வந்தி?"

மடத்துக்குத் தண்ணீர் சுமக்கும் கழுதை நின்றுகொண்டிருந்தது. பாதி திறந்த கதவில் முதுகை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது.

செவ்வந்தி அவள் மகள். காலில் ஏறிய ஆணி சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் குணவதி மலையேறி இந்த மடத்துக்கு வந்து, மருந்து அரைக்கும் மரகதத்திடம் சிஷ்யையாகச் சேர்ந்தாள். குரு வயதில் சின்னவள். சிஷ்யையை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

மலையில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. கீழ்க்குடிசை நாயை அது தூக்கிக்கொண்டு போயிருந்தது. விளக்கு வைத்ததும் எல்லோரும் தாழ் போட்டுவிடுவார்கள். குணவதி மட்டும் போடமாட்டாள். "தாழ் போட்டா அவ வந்து நின்னு பாத்துட்டுத் திரும்பிடுவா" என்பாள். மகளைப் பற்றி அவள் பேசுவது அவ்வளவுதான்.

மரகதம் லாந்தரோடு வந்தாள்.

"யாரு அக்கா வந்திருக்கா?"

"கழுதை."

"எந்தக் கதவு திறந்திருக்கும்னு அதுக்கும் தெரிஞ்சுபோச்சு."

குணவதி சிரிக்கவில்லை. "புண்ணுதான் ஆறிடுச்சே. எதுக்கு இப்படித் தேய்க்குது?"

சுமைக்கயிறு அறுத்த புண் அது. கஞ்சா இலையை அரைத்துப் பற்றுப் போட்டவள் குணவதிதான். மேலே தோல் கூடியதும், ஆறிவிட்டது என்று கட்டை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

மரகதம் அந்த இடத்தை விரலால் அழுத்தினாள். தோலுக்கடியில் கொளகொளவென்றது. கழுதை உதைக்கப் பார்த்தது.

"பிடிச்சுக்குங்க."

தீயில் காட்டிய கத்தி நுனியால் கீறினாள். சீழ் வழிந்தது. குணவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாடை அவளுக்குத் தெரியும்.

மரகதம் இலைக் கஷாயத்தால் கழுவினாள். துணித்திரியை இலை விழுதில் தோய்த்துப் புண்ணின் ஆழத்தில் செருகினாள். புண்ணின் வாயை மூடவில்லை.

"மேலாகப் பூசியிருக்கீங்க. தோல் அவசரப்பட்டு மூடிக்கிச்சு."

"இந்த இலை புண்ணை ஆத்தும்னு சொன்னீங்களே."

"கிருமியைக் கொல்லும்னு சொன்னேன். சதை வளர்க்க அதுக்குத் தெரியாது."

குணவதி கழுதையின் கழுத்தைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு இந்த இலை என் கையில இருந்திருந்தா?"

"தெரியாது, அக்கா."

"அவ பிழைச்சிருப்பான்னு சொல்லுங்க. இல்ல, பிழைச்சிருக்க மாட்டான்னாவது சொல்லுங்க."

"தெரியாததை எப்படிச் சொல்றது?"

"அப்போ ஒரு சிலும்பி புகையாவது குடுங்க. மடத்துக்கு வந்த சாமியாருங்க இதைப் புகைச்சுட்டு ஊரு பேரு மறந்து கிடந்தாங்களே. நானும் கிடக்கறேன்."

"எந்தப் பேரை மறக்கணும்?"

குணவதி வாயைத் திறந்தாள். மகளின் பேர் நாக்கு வரை வந்தது. "வேண்டாம்" என்றாள்.

மரகதம் விழுதுக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தாள். "இனிமே நீங்களே பாருங்க. தினமும் பழைய திரியை உருவிட்டுப் புதுசு வைக்கணும். வலிக்கும். உதைக்கும்."

உதைத்தது. அதை நிற்கவைக்க குணவதி ஏதாவது பேச வேண்டியிருந்தது. பேசினாள். சோற்றில் உப்பு குறைந்தால் செவ்வந்தி தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்வாள் என்றாள். அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள் என்றாள். கழுதை காதை அசைத்தது. "உன் காதுன்னா அவளுக்கு ரெண்டு கையும் வேணும்" என்றாள்.

திரி சீழில்லாமல் வந்த நாளில்தான் ஆஸ்பத்திரிக்குப் போன வழியைப் பற்றிச் சொன்னாள்.

"'இன்னும் எவ்வளவு தூரம்மா'ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. பக்கத்துலதான், பக்கத்துலதான்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

கழுதை அன்று உதைக்கவில்லை.

ஒரு மாலை குணவதி குருவைக் கூப்பிட்டாள். "அடியிலிருந்து சிவப்பா சதை ஏறுது, பாருங்க."

மரகதம் குனிந்து பார்த்தாள். "இனி இலை வேண்டாம்."

"வாய் இன்னும் திறந்திருக்கே. நாம மூட வேண்டாமா?"

"நம்மால ஆகாது, அக்கா. அது உள்ளேயிருந்துதான் மூடும்."

குணவதி விழுதுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

விளக்கு வைத்தாயிற்று. கழுதை கொட்டிலில் படுத்திருந்தது. அவள் வாசலுக்கு வந்து பாதையைப் பார்த்தாள். கதவை ஒரு குழந்தை நுழையும் அளவுக்குத் திறந்து பிடித்தபடி சற்று நின்றாள்.

"உள்ள வா, கண்ணு."

பிறகு கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டாள்.